கேபிளையும் கொஞ்சம் பாருங்கள்

(காஞ்சிபுரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பாகம் பாகமாக வாங்கி நீங்களே வீட்டில் கணினி சேர்த்திருக்கிறீர்களாமே, வன்தட்டும் கேபிளும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் கணினி ஆசிரியன் அல்ல, அறிவியல் ஆசிரியன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தவறு செய்து கற்றுக்கொண்டதுதான். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் பாகங்களை வாங்கி வந்தேன். பிராசசருக்கும் ரேமுக்கும் நான்கு கடை ஏறி இறங்கினேன். வன்தட்டு, விலை குறைவாகக் கிடைத்தது. கேபிளைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடைக்காரர் பெட்டியில் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அந்த ஆண்டு என் ஒன்பதாம் வகுப்பில் பலர் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். "உங்கள் தாத்தா, பாட்டியிடம் தறிச் சொற்களைக் கேட்டு செல்பேசியில் பதிவு செய்து வாருங்கள்" என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். பாவு, ஊடை, நாடா, கோர்வை, பிட்னி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பெரியவர்கள் தங்கள் குரலிலேயே விளக்கம் சொல்லியிருந்தார்கள். ஒலியும் காணொலியுமாக ஏறக்குறைய 40 ஜி.பி. சேர்ந்தது. செல்பேசியில் இடம் இல்லாததால் பிள்ளைகள் தங்களிடம் இருந்ததை அழித்துவிட்டார்கள். எல்லாம் என் வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கணினியின் மூடியைத் திறந்து, தூசி தட்டி, துடைத்து, பொட்டு வைத்து மூடினேன். மறுநாளிலிருந்து கணினி தடுமாறியது. ஒரு கோப்பு திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாம் நாள் திறக்கவே இல்லை. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். "டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு போட்டுக்குங்க. உள்ள இருந்தது வராது" என்றார்.

அதே வாரம் ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். அவன் தாத்தா காலமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. "சார், தாத்தா பேசுனது உங்ககிட்ட இருக்கில்ல? பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வர்றாங்க, போட்டுக் காட்டணும்னு அப்பா சொன்னாரு" என்றான். "பார்க்கிறேன்ப்பா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

வன்பொருள் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் பென்டிரைவ் மூலம் கணினியை இயக்கி, 'ஸ்மார்ட்' என்ற அறிக்கையைத் திறந்தார். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஏடு அது. இலவச மென்பொருள்களிலேயே பார்க்கலாம். அதில் இரண்டு வரிகளைக் காட்டினார்.

முதல் வரி, 'ரீ-அலொகேட்டட் செக்டர்'. தட்டில் எத்தனை இடம் கெட்டுப்போய், அதற்கு மாற்று இடம் ஒதுக்கப்பட்டது என்ற கணக்கு. அது பூஜ்யம். இரண்டாவது வரி, 'சி.ஆர்.சி. எரர்'. சி.ஆர்.சி. என்றால் நமக்கு இந்தக் குறுவள மையக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்! அங்கே பொருள் வேறு. வருகைப் பதிவேட்டில் தனித்தனியாக எண்ணியதும் கடைசியில் போட்ட கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, அனுப்பிய தரவும் வந்து சேர்ந்த தரவும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனை அது. அந்த எண் ஆயிரக்கணக்கில் இருந்தது. தட்டு நன்றாக இருக்கிறது, வழியில்தான் தரவு சிதைகிறது என்று பொருள்.

நான் துடைத்தபோது கேபிள் முனையோரம் மடங்கி, பாதி கழன்றிருந்தது. வேறு கேபிள் போட்டார். அதன் விலை நூறு ரூபாய்கூட இல்லை. கணினி திறந்தது. பதினாறாம் நாள், கூடத்தில் அந்தப் பெரியவரின் குரல் கேட்டது: "ஒடம்பு ஒரு நெறம், கரை ஒரு நெறம். ரெண்டும் சேர்ற எடத்துலதான் நெய்யறவன் கை தெரியும்." கோர்வையைப் பற்றி அவர் சொன்னது. எனக்கு அது கணினிக்கும் பொருந்துவதாகத் தோன்றியது.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

முதலில் வன்தட்டு. சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க் ஒரு வகை, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. இன்னொரு வகை. 7200 சுற்று ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்.பி. படிக்கும். ஆகவே விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கு எஸ்.எஸ்.டி., சேமித்து வைக்க ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுப்படும். எஸ்.எஸ்.டி.யில் பதிந்து, மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நாளடைவில் தரவு அழியக்கூடும்.

1 டி.பி. வாங்கினால் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல அடுக்குக் கணக்கு.

குச்சி போன்ற எம்.2 வகைக்குக் கேபிளே வேண்டாம். ஆனால் எம்.2 வடிவத்திலேயே சாட்டா உண்டு, என்.வி.எம்.இ. உண்டு. உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். சில போர்டுகளில் எம்.2 இடத்தில் ஒன்றைப் பொருத்தினால் ஒரு சாட்டா இடம் வேலை செய்யாது. அதுவும் கையேட்டில் இருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஹார்டு டிஸ்க் வாங்குபவர்கள், ஸ்மார்ட் அறிக்கையில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஓராண்டு நிற்காமல் ஓடினால் 8760 மணி. அதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து கேபிள். சாட்டா தரவுக் கேபிளுக்கு 7 முனை, மின் கேபிளுக்கு 15 முனை. இரண்டு முனையும் 'எல்' வடிவத்தில் இருப்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். உலோகக் கொக்கி உள்ளதாக வாங்கினால் எளிதில் கழலாது. நீளம் ஒரு மீட்டருக்கு மேல் கூடாது, வீட்டுக் கணினிக்கு அரை மீட்டர் போதும். கூர்மையாக மடித்துக் கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது பழைய பெட்டியின் கழற்றும் வகை மின் கேபிளைப் புதிய பெட்டியில் செருகவே கூடாது. முனை பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே 12 வோல்ட், 5 வோல்ட் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். இயக்கிய நொடியில் வன்தட்டு கருகிவிடும்.

வெளியில் இணைக்கும் வன்தட்டுக்கு யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தரவைக் கடத்தா. யு.எஸ்.பி. 2 கேபிளில் அந்த 40 ஜி.பி.யை நகலெடுக்க எனக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. யு.எஸ்.பி. 3இல் ஏழு நிமிடத்துக்குள் முடிந்தது.

கணினி தடுமாறினால் உடனே வன்தட்டைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், மாற்றிப் பாருங்கள். கேபிளை மாற்றிய பிறகும் பழைய சி.ஆர்.சி. எண் குறையாது. மேலும் கூடாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று பொருள். 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தாலோ, முதல் வரி எண் ஏறிக்கொண்டே போனாலோ தட்டிலேயே கோளாறு. உடனே தேவையானதை நகலெடுங்கள். இவையெல்லாம் நம் சொந்தக் கணினிக்கு. பள்ளிக் கணினியை நாமே திறக்க வேண்டாம், அதற்கென்று பராமரிப்பு முறை இருக்கிறது.

நண்பர்களே, அன்று எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். கெட்டது கேபிளாக இருந்ததால் தாத்தாவின் குரல் மிஞ்சியது. தட்டே போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? எவ்வளவு பார்த்து வாங்கினாலும் எந்த வன்தட்டும் ஒரு நாள் நிற்கும். இன்று அந்தப் பதிவுகள் மூன்று படிகளாக இருக்கின்றன. ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், இன்னொன்று வேறொரு வீட்டில். பிள்ளைகளின் பதிவுகள் என்பதால் பெற்றோரிடம் கேட்டுத்தான் வைத்திருக்கிறேன், கடவுச்சொல்லும் போட்டிருக்கிறேன்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் வன்தட்டில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்.பி., இன்றைய செல்பேசிப் படம் ஒன்றின் அளவு. இடத்துக்கு இப்போது நமக்குக் குறைவில்லை. இன்னொரு படி எடுத்து வைக்கும் பழக்கம்தான் குறைவு.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். திரும்ப வாங்க முடியாதவை உங்கள் கணினியில் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்று விடை வந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னொன்று எடுத்துவிடுங்கள்.