எம்.ஆர்.ஐ. அறையும் உடலினுள் உலோகமும்

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதுபவர். எனினும் நம் காலனிப் பெரியவர் ஒருவரின் பொருட்டு நாம் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கு கூற விழைகின்றோம்.

அவர் மார்பில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பெற்றவர். முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சென்றபோது, கருவிக்குரிய அட்டையைக் கேட்டனர். அட்டையோ ஊரில் பெட்டிக்குள் இருந்தது. "டைட்டானியந்தானே! காந்தம் இழுக்காதே!" என்று உடன் சென்ற நாம் வாதாடினோம். ஊழியர் இசையவில்லை. சினத்துடன் திரும்பினோம். பின்னர் விசாரித்தபோதே நம் அறியாமை விளங்கிற்று.

அவ்வியந்திரத்தால் நேரும் அபாயங்களுள் இழுப்பு ஒன்று, சூடு மற்றொன்று. 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அது டைட்டானியத்தை இழுப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் படம் பெறுதற்கு, வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை அதிரும் ரேடியோ அலைகளையும் உடலினுள் செலுத்துகின்றனர். பேஸ்மேக்கரினின்று இதயத்துக்குச் செல்லும் நீண்ட கம்பி, ரேடியோப் பெட்டியின் ஏரியல் போல் அவ்வலைகளை வாங்கிக்கொள்கின்றது. அதனால் எழும் மின்னோட்டம் கம்பியின் நுனியில் குவிந்து, அங்குள்ள தசையைச் சுடக்கூடும். இழுக்கப்படாத உலோகமும் இவ்வாறு சூடேறும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகளுள் உலோகப் படலம் உள்ளவையும் சுட்டதுண்டு.

நிபந்தனையுடன் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தக்க பேஸ்மேக்கருக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று அத்தகையவை பரவலாக உள்ளன. ஆயினும் கருவியும் கம்பியும் சேர்ந்தே பொருந்த வேண்டும். முன்னைய அறுவையில் எடுக்காமல் விட்ட பழைய கம்பி உடலில் இருப்பின், அந்நிபந்தனை பொதுவாகச் செல்லாது. இவற்றை அறிவதற்கே அட்டை கேட்கின்றனர்.

பெரியவரின் அட்டை ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. நிபந்தனைகள் பொருந்தின. இதய மருத்துவர் கருவியை அதற்குரிய நிலைக்கு மாற்றிய பின்னர் படம் நலமே எடுக்கப்பெற்றது. அன்று நாம் கடிந்துகொண்ட ஊழியருக்கு இம்மேடையில் நன்றி செலுத்துகின்றோம்.

லேபிள் இல்லாப் பார்சலை நாம் வண்டியில் ஏற்றுவதில்லை. உடலினுள் கருவி உடையோர் அட்டையைப் பெட்டியில் பூட்டாது சட்டைப்பையில் வைப்பார்களாக. வீட்டாரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். பழைய அறுவைகளையும், ஒட்டியிருக்கும் பட்டைகளையும் கேட்குமுன்னரே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கும்போது உடலில் எங்கேனும் சூடு தோன்றின், பொறுத்துக்கொள்ளாது உடனே அழையுங்கள்.