எலுமிச்சை மரத்துக்கு ஹீட்டர் வேண்டாம்

மியூனிக்ல அக்டோபர் பாதி தாண்டிடுச்சு. காலையில பால்கனி கதவைத் திறந்தா 4 டிகிரி. இந்த வாரம் வந்த மெசேஜ்ல நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, தொட்டியில வளர்ந்த பெரிய லெமன் மரத்தைக் குளிர்காலத்துல என்ன பண்றது?" இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு சின்னக் குழப்பம். ஊர்ல சாதத்துக்குப் பிழியுற உருண்டையான, தோல் மெல்லிசா இருக்கிற எலுமிச்சை வேற. இங்கே நர்சரியில விக்கிற நீள்வட்டமான லெமன் வேற. தாவரவியல்ல ரெண்டும் தனித்தனி. நம்ம எலுமிச்சைக்குக் குளிர் சுத்தமா ஆகாது. அதனால இந்தியக் கடையில வாங்கின பழத்தோட விதையைப் போட்டு வளர்க்கிறவங்க கூடுதல் கவனமா இருக்கணும். லெமன் மைனஸ் 2, மைனஸ் 3 வரைக்கும் ஓரளவு சமாளிக்கும். அதுக்குக் கீழே போனா இலை கருக ஆரம்பிக்கும். மேயர் லெமன்னு ஒரு வகை இருக்கு. ஃபிராங்க் மேயர் 1908ல சீனாவுல இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அது இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனா மியூனிக்ல மைனஸ் 10 வர்ற ராத்திரியும் உண்டு. போர்த்துற ஃப்ளீஸ் துணி ரெண்டு மூணு டிகிரி காப்பாத்தும், அவ்வளவுதான். அதோட தொட்டிச் செடியோட வேருக்கு நிலத்துச் செடிக்கு இருக்கிற பாதுகாப்பு கிடையாது. நாலு பக்கமும் குளிர் ஏறும்.

என்னோடது சாதாரண லெமன். 60 லிட்டர் தொட்டி. மரத்தோட உச்சி என் தலைக்கு வந்துடுச்சு. தண்ணி ஊத்தினா ஒத்தை ஆளா தூக்க முடியாது, சக்கரப் பலகையிலதான் நகர்த்தணும். இப்போ 11 காய் இருக்கு, எல்லாமே பச்சை. பூ விட்டதுல இருந்து பழம் ஆக 6 முதல் 9 மாசம் எடுக்கும். ஜூன் மாசப் பூ, பிப்ரவரி மார்ச்லதான் மஞ்சளாகும். அதாவது குளிர்காலத்துல மரம் இலையைக் கொட்டிடுச்சுன்னா, ஒரு வருஷ விளைச்சலும் கூடவே போயிடும்.

"அதான் ஹால்ல, ஹீட்டர் பக்கத்துல வெச்சுடலாமே?"ன்னு தோணும். அங்கதான் பல மரம் இலையைக் கொட்டுது. காரணம் வெளிச்சம். டிசம்பர்ல சென்னையில மிகக் குறைஞ்ச பகல் 11 மணி நேரத்துக்கு மேல. மியூனிக்ல எட்டேகால் மணி நேரம்தான், அதுவும் மேகம். 22 டிகிரி ஹால்ல மரம் கோடைன்னு நினைச்சு சக்தியைச் செலவு பண்ணுது. ஆனா அந்த வெளிச்சத்துல அதால அவ்வளவு சம்பாதிக்க முடியாது. செலவைக் குறைக்க இலையை உதிர்க்குது. சம்பளம் பாதியானாலும் வாடகை முழுசா கட்டுற கதைதான்.

இன்னொரு கேஸ், வேர். சுமார் 12, 13 டிகிரிக்குக் கீழே வேர் கிட்டத்தட்ட வேலை செய்யாது. தொட்டி ஜில்லுனு இருக்கிற தரையில, இலை மட்டும் ஜன்னல் வெயில்ல சூடா இருந்தா, இலை தண்ணி கேட்கும், வேரால கொடுக்க முடியாது. அப்பவும் இலை விழும். இதைப் பார்த்துட்டு நாம "தண்ணி பத்தலை போல"ன்னு இன்னும் ஊத்துவோம். வேர் அழுகிடும்.

ஆக, மரத்துக்குத் தேவை சூடு இல்ல. உறையாத, ஜில்லுனு, வெளிச்சமான இடம். 5ல இருந்து 10 டிகிரி இருந்தா மரம் அரைத்தூக்கத்துல இருக்கும், குறைஞ்ச வெளிச்சமே போதும். வெர்சாய் அரண்மனையில 1684 முதல் 1686 வரை ஜூல் ஆர்துவான் மான்சார் கட்டின ஆரஞ்சரியோட கணக்கும் இதேதான். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள், தடிமனான சுவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பெட்டிகள்ல இருக்கு. அக்டோபர் நடுவுல உள்ளே போகும், மே நடுவுல வெளியே வரும்.

நம்மகிட்ட அரண்மனை இல்ல. எனக்கு இருந்தது அப்பார்ட்மென்ட் மாடிப்படி. பெரிய ஜன்னல், ஹீட்டர் கிடையாது, பக்காவான இடம். மூணு குளிர்காலம் அங்கதான் இருந்துச்சு. இந்த மாசம் லெட்டர் வந்துடுச்சு: தீ விபத்து நேரத்துல வழி வேணும், படியில எதுவும் வைக்கக் கூடாது. நியாயமான விஷயம், வாதாட ஒண்ணுமில்ல. குளிர்காலத்துக்கு மட்டும் மரத்தைப் பார்த்துக்கிற நர்சரிகள் இங்கே உண்டு. நான் கேட்ட ரெண்டு இடத்துலயும் இடம் நிரம்பிடுச்சு.

அதனால முடிவு பண்ணிட்டேன். பால்கனியை ஒட்டின என் ஆபீஸ் ரூம் மரத்துக்கு. தெற்கு ஜன்னல். ரேடியேட்டர் திருகுல பனித்துளி மாதிரி ஒரு குறி இருக்கும்ல, உறையாம மட்டும் பார்த்துக்கிற செட்டிங், அதுல வைக்கப்போறேன். போன பிப்ரவரியில ஒரு வாரம் அப்படி விட்டு அளந்தேன், 11, 12 டிகிரியில நின்னுச்சு. தொட்டிக்கு அடியில தெர்மாகோல், வெளியே மிதமா இருக்கிற நாள்ல ஜன்னல் லேசா திறப்பு. என் லேப்டாப் கிச்சன் டேபிளுக்குப் போகுது. மார்ச் வரைக்கும் ரெக்கார்டிங்ல குக்கர் விசில் கேட்டா பொறுத்துக்கோங்க.

நீங்க செய்ய வேண்டியதைச் சுருக்கமா சொல்றேன். ராத்திரி 5 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து போக ஆரம்பிச்சா உள்ளே எடுங்க. அதுக்கு முன்னாடி அவசரம் வேண்டாம். எடுக்கும்போது இலையோட அடிப்பக்கத்தைப் பாருங்க. பிசுபிசுப்பு இருந்தா செதில் பூச்சியா இருக்கலாம், துடைச்சுடுங்க. விரலை மண்ணுல ரெண்டு அங்குலம் விட்டு, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. உரம் ஏப்ரல் வரைக்கும் லீவு. இங்கே குழாய்த் தண்ணியில சுண்ணாம்பு அதிகம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா, வேரால இரும்புச்சத்தை எடுக்க முடியலைன்னு அர்த்தம். மழைத்தண்ணி சேர்த்து வெச்சு ஊத்துங்க.

வெளியே எடுக்கிறது எப்போ? மே 11 முதல் 15 வரைக்கும் இங்கே ஐஸ்ஹைலிகே, அதாவது பனிப் புனிதர்கள் நாள். அதுக்கு அப்புறம் உறைபனி வராதுங்கிறது பழைய விவசாயிகள் நம்பிக்கை. அது முடிஞ்சதும் எடுங்க. முதல் பத்து நாள் நிழல்ல. நேரா வெயில்ல வெச்சா இலை வெந்துடும்.

உங்க வீட்ல ஜில்லுனு, வெளிச்சமா இருக்கிற இடம் எதுன்னு இந்த வாரமே ஒரு தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. ரீடிங்கை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம்.