பழுது விசைப்பலகையிலா?



எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியும் அதற்கேற்ற தாய்ப்பலகையும் பொருத்தினோம். வன்தட்டில் பழைய விண்டோஸ் 7 அப்படியே இருந்தது. திரை வந்தது, விசைப்பலகையும் சுட்டியும் இயங்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு நான்கே நாள். மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, புதிய விசைப்பலகை வாங்கப் பட்டியல் எழுதினேன்.

வாசலில் நின்ற மாணவி ஒருத்தி, "ஐயா, பயாஸ் திரையில் வேலை செஞ்சுதே?" என்றாள்.

அங்கே இயங்கினால் கருவியில் பழுதில்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3.0க்கான இயக்கி மென்பொருள் கிடையாது. 2015இல் வந்த அந்தச் செயலிக்கான தாய்ப்பலகைகளிலோ பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தி இல்லை. கணினியை அணைத்து, வட்ட முனையுள்ள பழைய பிஎஸ்/2 விசைப்பலகையைச் செருகினோம், இயங்கியது. அதைக் கொண்டே தாய்ப்பலகையுடன் வந்த குறுவட்டிலிருந்து இயக்கியை நிறுவினோம். சுட்டியும் உயிர்பெற்றது.

பழைய விசைப்பலகை ஒன்றை ஆய்வகத்தில் பத்திரப்படுத்துங்கள். பழுது பார்க்கும்போது மாணவர்களை வெளியே அனுப்பாதீர்கள். அன்று எங்களுக்கு விடை வாசலில்தான் நின்றிருந்தது.