ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேசுவதற்குத் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். நாங்களோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வேயில் கடைநிலையில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவர்கள். ஆகவே கோப்புகளும் விதிகளும் கற்றுக்கொடுத்த அளவிலேயே பேச முடியும். எடுத்துக்கொண்ட பொருளும் அதற்கு ஏற்றதே. கரக்பூர்க் காலனியில் விளக்கணைத்த பிறகு கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பொருள் அது. தமிழ்நாட்டிற்குத் திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்பதே அந்தக் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'திரும்புதல்' என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பட்டறை இங்கே எழுந்தபோது, தெற்கிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றனர். இந்த நிலையத்தின் 1,072 மீட்டர் நடைமேடை உலகிலேயே நீளமானது என்று பெருமை பேசிய தலைமுறை அது. 2013-ல் கோரக்பூரும் 2023-ல் ஹூப்ளியும் அப்பெருமையை எடுத்துக்கொண்டன. ஆயினும் அந்த நடைமேடையில் ஓடி விளையாடிய நினைவை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. இத்தகையோர்க்குத் தமிழ்நாட்டிற்குப் போவது திரும்புதல் ஆகாது. புதிய இடத்திற்குக் குடிபெயர்தலே ஆகும். எங்கள் இல்லத்தரசி இக்காலனியிலேயே பிறந்தவர். நாங்கள் லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதில் வந்தவர்கள். ஒரே ரயிலில் ஒரே ஊருக்குப் போனாலும், ஒருவருக்கு அது திரும்புதல், மற்றவருக்குப் புறப்படுதல். இந்த வேறுபாட்டைக் குடும்பத்துக்குள் ஒப்புக்கொள்ளாமல் முடிவெடுக்கத் தொடங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

இந்திய அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் எப்பகுதியிலும் குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகின்றது. உரிமை இருக்கிறது; அதைப் பயன்படுத்தும்போது என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் நம் கணக்கு.

உத்தியோகத்தை முதலில் பார்ப்போம். சொந்த விருப்பத்தின் பேரில் வேறு ரயில்வேக்கு மாறுகிறவர், அங்கே அதே நிலையில் உள்ளோர் அனைவருக்கும் கீழே வைக்கப்படுகிறார் என்பது நாம் அறிந்த விதி. பதவி உயர்வால் மட்டுமே நிரப்பப்படும் இடத்தில் இருப்பவர் ஒரு படி இறங்கவும் நேரும். ஒருவருக்கொருவர் இடம் மாற்றிக்கொண்டால், இருவரில் யாருடைய சீனியாரிட்டி குறைவோ அதுவே இருவர்க்கும் அளவு. சொந்த விருப்பமாகையால் மாற்றத்திற்கான படிப்பணம் கிடையாது. இங்குள்ள குவார்ட்டர்ஸைச் சாதாரண வாடகையில் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பையோ நோயையோ காட்டினால் மேலும் ஆறு மாதம் கேட்கலாம். 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, திருச்சி, மதுரை, கோவை போன்ற நகரங்களில் 20, நம்மூர் போன்றவற்றில் 10 என்று அமைந்தது. 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்குத் திருச்சியில் 8,000 ரூபாய் வரும் என்று மனம் துள்ளும். ஆனால் இங்கே குவார்ட்டர்ஸில் இருப்பவர் அங்கே வெளியில் வீடு எடுத்தால் அந்த 8,000 ரூபாய் வீட்டுக்காரர் கைக்கே போய்ச் சேரும். வரவு என்று எழுதிய அதே பக்கத்தில் செலவையும் எழுத வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. மாற்றலுக்குள்ளாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே 1963-ல் கேந்திரிய வித்யாலயங்கள் தோன்றின. அங்கே படிப்பவர்க்குப் பள்ளி மாறுவது எளிது. மற்றவர்களும் எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடிந்த கோடையில் மாறுவதே நலம். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவிலோ, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலோ பிடுங்கி நட்டால் பயிர் வாடும். தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர், பொறியியல் கல்லூரியில் சேரும்போது பிறப்பிடச் சான்று காட்ட வேண்டியதில்லை. வெளியே படித்த நம் பிள்ளைகள் காட்ட வேண்டும். சாதிச் சான்றிதழும் அப்படியே. ஒரு மாநிலப் பட்டியலில் உள்ள சமூகம் மற்றொரு மாநிலப் பட்டியலில் இல்லாமற் போகலாம். குடிபெயர்ந்தவர்க்குப் புகுந்த மாநிலத்தில் அச்சலுகை தானாக வந்து சேராது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால் பெற்றோரின் பழைய சான்றுகளையும், கிராமத்து நிலப் பத்திரங்களையும் இன்றே தேடி எடுத்து வைப்பது அறிவுடைமை.

இவற்றினும் பெரியது மொழி. எங்கள் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் வங்காளி, பள்ளியில் இந்தி என நான்கு மொழி பேசுவாள். ஆனால் பாட்டி அனுப்பும் கடிதத்தை அவளால் படிக்க இயலாது. நாம் படித்துக் காட்ட வேண்டும். பேசத் தெரிகிறதே, போதாதா என்று நாம் ஆறுதல் கொள்ளுகிறோம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணைப்படி, அம்மாநில அரசுப் பணித் தேர்வு எழுதுவோர் தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு மதிப்பெண் பெற்றாக வேண்டும். இது குறை கூறத்தக்க ஆணையன்று. தமிழ்நாட்டு அலுவலகத்தில் தமிழில் மனுவைப் படிக்கத் தெரிய வேண்டாமா? ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்ன? தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு, 'திரும்புவதா இருப்பதா' என்ற கேள்வியை அவனுக்குப் பதிலாக நாமே முடித்துவிட்டோம். அவன் கேட்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டோம்.

மூன்றாவது, முதியோர். இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,545 கிலோமீட்டர். 1977-ல் கோரமண்டல் விரைவு வண்டி வந்தபின் பயணம் விரைவாயிற்று. ஆயினும் சென்னை சேர ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும், தென் மாவட்டம் சேர மேலும் ஓர் இரவும் ஆகின்றன. முன்னாளில் தந்தி வந்தது. 2013-ல் தந்தியே நின்றுவிட்டது. இன்று நொடியில் செய்தி வருகின்றது. செய்தியின் வேகம் கூடியதேயன்றி நம் வேகம் அவ்வளவு கூடவில்லை. எங்கள் தந்தையார் காலமானபோது நாங்கள் போய்ச் சேர்ந்தது மறுநாள் மாலை. தம்பி எல்லாம் செய்து முடித்திருந்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை, தூரம் அப்படிப்பட்டது. இச்சபையில் இதே அனுபவம் இல்லாத வீடு ஒன்றிரண்டே இருக்கலாம்.

"அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளலாமே" என்று நண்பர்கள் சொன்னார்கள். அழைத்தோம். ஒரு குளிர்காலம் நான்கு மாதம் இருந்தார்கள். பேரன் பேத்தியோடு மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். புறப்படும்போது, "வீட்டுக்குள்ளே நான் மனுஷி, வாசலைத் தாண்டினால் ஊமை" என்றார்கள். அதன்பின் நாங்கள் வற்புறுத்தவில்லை. முதியவரைப் பெயர்த்து நடுவதா, நாம் பெயர்வதா என்று வரும்போது, இளைய வேரே எளிதில் பிடிக்கும்.

நான்காவதாக, இரண்டுமற்ற நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து ஊரில் வீடு கட்டுகிறோம். ஓய்வு பெற்றதும் போவோம் என்கிறோம். அதற்குள் மகனுக்கு பெங்களூரில் வேலை, மகளுக்குக் கொல்கத்தாவில் மணம். ஊர் வீட்டுக்குப் பூட்டு. ஆண்டுக்கு ஒருமுறை போய்க் கறையான் தட்டிவிட்டு வருகிறோம். இங்கேயோ, 'போகப் போகிறவர்கள்தானே' என்று வங்காள எழுத்தைக் கற்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதில்லை. அண்டை வீட்டுத் துர்க்கா பூஜையில் விருந்தினராகவே நின்றுவிடுகிறோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று முப்பது ஆண்டு கழிகின்றது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் கடிதமே நமக்காக முடிவெடுக்கிறது. போவதிலும் நன்மை உண்டு. இருப்பதிலும் நன்மை உண்டு. முடிவு செய்யாதிருப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

எங்கள் வீட்டில் என்ன முடிவு செய்தோம் என்று கேட்பீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இழப்பு, லாபம் என இரு பத்தி வகுத்து, ஒரு மாதம் எழுதினோம். பணக் கணக்கில் இங்கேயே இருப்பதுதான் லாபம் என்று வந்தது. அந்த விடையைப் பார்த்ததும் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. அப்போதுதான் உள்ளம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விளங்கிற்று. மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் போய்ச் சேரும்படி, திருச்சிக் கோட்டத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிக்க இருக்கிறோம். சீனியாரிட்டியின் அடியில் நிற்போம். நமக்குப் பின் சேர்ந்தவர் நமக்கு மேலாளராகக் கூடும். அதை அறிந்தே போகிறோம். இல்லத்தரசி சம்மதித்தார், ஒரு நிபந்தனையுடன். "உங்கள் அம்மாவைப் பார்க்கப் போவது போல, என் பிறந்த ஊரைப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை பாஸில் வர வேண்டும்" என்றார். பணியில் ஐந்தாண்டு கடந்தவர்க்கு ஆண்டுக்கு மூன்று பாஸ் உண்டு. ஒன்றை அவருக்கென்று எழுதிவிட்டோம்.

இது எங்கள் விடை, உங்கள் விடையன்று. ஊரில் தாய் தந்தையர் இல்லாதவர்க்கும், பிள்ளைகள் இங்கே நிலைபெற்றவர்க்கும் இருப்பதே சரியாகலாம். அவர்களைத் தமிழ்ப்பற்று இல்லாதவர் என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். இருப்பவர் முழுமனத்தோடு இருக்கட்டும். வங்காளத்தைப் படிக்கவும் எழுதவும் கற்கட்டும். இவ்வூர் நல்லது கெட்டதில் வாக்களிக்கட்டும்.

இரு சாராருக்கும் பொதுவான ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-அ பிரிவு சேர்க்கப்பட்டது. அது முழுமையாகக் கைகூடும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் இம்மண்டபம் காலையில் வெறுமையாகவே கிடக்கின்றது. கரும்பலகை இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் பாடங்களை அமைத்துத் தந்திருக்கிறது. ஒரு மணி நேரம் எழுத்துக் கற்பிக்கப் பத்தாம் வகுப்புப் படிப்பே போதும். நாங்கள் இங்கே இருக்கும் நாள்வரை அந்த ஒரு மணி நேரத்தைத் தரச் சித்தமாயிருக்கிறோம். நம் பிள்ளைகள் பின்னாளில் எங்கே வாழ்வது என்று தாமே முடிவு செய்யட்டும். அந்த முடிவை எடுக்க வேண்டிய எழுத்தை நாம் அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். சிலேட்டுடன் பிள்ளைகளை அனுப்புங்கள்.