மெமரி கார்டைப் பிடுங்கும் முன்…
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் பி பிளாக்கில் ஒரு சைக்கிள் காணாமல் போனது உங்களுக்குத் தெரியும். அன்றிரவுப் பதிவைப் பார்க்க, வாசல் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரி கார்டைப் பிடுங்கிக் கணினியில் போட்டோம். “ஃபார்மேட் செய்யவும்” என்று வந்தது. காவலர்தான் அழித்திருப்பார் என்று நம் வாட்ஸ்அப் குழுவிலேயே சிலர் எழுதினோம். நானும் ஒரு தம்ஸ்-அப் போட்டேன்.

பிறகு மீட்பு மென்பொருள் கொண்டு பார்த்தேன். பதிவுகள் கார்டிலேயே இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் பாதி எழுதிய நிலையில் நின்றிருந்தது. கெடுத்தது நம் அவசரம்.

இந்தச் சில்லுகளுடன் பேசுவதுதான் என் தொழில் என்பதால் ஒன்று சொல்கிறேன். கார்டு, பென் டிரைவ், வைஃபை ரவுட்டர் எல்லாவற்றிலும் ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. சில்லுக்குக் கட்டளை கொடுக்கும் சிறு மென்பொருளை டிரைவர் என்போம். நேண்ட் வகைச் சில்லில் “தயார்” அல்லது “வேலையில் இருக்கிறேன்” என்று காட்ட ஒரு கம்பி உண்டு. கட்டளை வந்ததும் அது உடனே மாறிவிடாது. 100 நானோ விநாடி வரை ஆகலாம். அதாவது ஒரு விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் டிரைவர் எட்டிப் பார்த்தால் பழைய “தயார்” நிலையே தெரியும். வேலை முடிந்தது என்று நம்பித் தப்பான தகவலை எடுத்துக்கொண்டு போய்விடும். அழைப்பு மணியை அடித்த கையோடு “வீட்டில் யாருமில்லை” என்று திரும்புவது போலத்தான்.

அதனால்தான் லினக்ஸின் நேண்ட் டிரைவரில், எந்தக் கணினியானாலும் முதலில் 100 நானோ விநாடி நின்றுவிட்டுப் பிறகு பார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகும் ஒரு பக்கம் எழுதி முடிக்கச் சில நூறு மைக்ரோ விநாடிகளும், ஒரு பகுதியை அழிக்கச் சில மில்லி விநாடிகளும் ஆகும். திரையில் “முடிந்தது” என்று வந்த பிறகும் உள்ளே எழுத்து வேலை மிச்சமிருக்கலாம்.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள்:

1. கேமராவில் பதிவை நிறுத்தி, அணைத்த பிறகே கார்டைக் கழற்றுங்கள்.
2. பென் டிரைவை “எஜெக்ட்” கொடுத்த பிறகே எடுங்கள்.
3. ரவுட்டர் அப்டேட் ஆகும்போது சுவிட்சை அணைக்காதீர்கள்.
4. “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டால் “ஆம்” அழுத்தாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. காவலரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவாயில்லை சார்” என்றார். ஆனால் குழுவில் எழுதியது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எழுதியவர்கள் தயவுசெய்து அதே குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். என் வரியை இன்று காலையே போட்டுவிட்டேன்.