லாபம் ஏறுகிறது, கூலி ஏன் ஏறவில்லை?

(வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி பற்றி மார்க்கம் சொல்வதை ஜும்ஆ மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இன்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசுவோம்.

2025 ஜனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை என்ன சொன்னது? 2023-24ல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் ஏறியது. வேலைவாய்ப்போ வெறும் 1.5 சதவீதம்தான் வளர்ந்தது. ஊழியர் செலவு வளரும் வேகமும் 17 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்தது. இதைச் சொன்னது தொழிற்சங்கமல்ல, அரசாங்கம்! லாபம் மட்டும் ஏறி, கூலி தேங்கினால் சரக்கு வாங்க ஆளிருக்காது என்ற கவலையும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

வியாபாரச் சகோதரர்களே, சிந்தியுங்கள்! உங்கள் கடைக்குத் துணி எடுக்க வருபவர் யார்? இன்னொருவரிடம் மாதச் சம்பளம் வாங்குபவர்தானே! எல்லா முதலாளிகளும் கூலியைப் பிடித்துக்கொண்டால், எல்லாக் கல்லாவும் காலியாகும்.

லாபத்தில் பங்கு என்பது நேற்று முளைத்த கோஷமல்ல. 1918ல் அகமதாபாத் ஆலை முதலாளிகள் பிளேக் காலத்து போனஸை நிறுத்தியபோது தொழிலாளர் 35 சதவீத உயர்வு கேட்டனர். காந்தியார் முன்னின்றார். 20க்கு மேல் முடியாது என்றனர் முதலாளிகள். கடைசியில் நடுவர் தீர்ப்பு 35 சதவீதத்தையே வழங்கியது.

1965ல் போனஸ் சட்டம் வந்தது. இப்போது அந்த விதிகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அரசு வகுத்த சம்பள வரம்புக்குள் இருப்பவர் ஆண்டில் 30 நாள் உழைத்திருந்தால் போனஸ் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம். அதாவது, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மாதச் சம்பளம். லாபம் பெருகினால் 20 சதவீதம் வரை. கணக்காண்டு முடிந்து 8 மாதத்திற்குள் கொடுத்தாக வேண்டும்.

முதலாளியின் கஷ்டத்தையும் சட்டம் பார்த்திருக்கிறது. புதிய நிறுவனம் முதல் 5 ஆண்டுகளில் லாபம் வந்த ஆண்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

"எங்கள் கடையில் நான்கு பேர்தானே" என்பீர்கள். போனஸ் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கு அந்த 20 பேர் கணக்கு கிடையாது! தோல் வெட்டத் தெரிந்தவன் ஐந்நூறு ரூபாய்க்காகப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால், புதிய கை பாழாக்கும் தோலின் விலை என்ன? அதையும் செலவில் எழுதிப் பாருங்கள்.

பெருநாளுக்கு ஒரு சட்டை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அது இனாம். முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. போனஸ் உரிமை, கணக்கைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

இளைஞர்களே! சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போன நாட்களைக் குறித்து வையுங்கள். கணக்கு இல்லாதவன் உரிமை கேட்க முடியாது.

முதலாளிகளே! லாபத்தில் உழைப்பவன் பங்கு எவ்வளவு என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுங்கள். பிறகு பாருங்கள், சரக்கு வீணாவதை உங்களுக்கு முன்னால் அவன் தடுப்பான்.