முலாமும் கீறலும்



பெங்களூரின் ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடி, தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் பகுதி. 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மைகோ நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கேதான் எழுந்தது. 2008-இல் அந்நிறுவனம் பாஷ் எனப் பெயர் மாறிற்று; 2022-இல் அவ்விடம் தொழில்நுட்ப வளாகமாகப் புதுவடிவம் பெற்றது. டீசல் பம்புகளும் ஸ்பார்க் பிளக்குகளும் உருவான இடமாதலின், உலோகத்தின் இரு பகைவர்களாகிய தேய்மானத்தையும் துருவையும் பற்றி ஈண்டிருந்தே பேசத் தொடங்கலாம்.

டீசல் பம்பில் ஓர் உருளைக்குள் எஃகுத் தண்டு ஒன்று மேலும் கீழும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்விடைவெளி தேய்ந்து அகன்றால் எண்ணெய் கசியும், அழுத்தம் குன்றும். ஆகவே இத்தகைய உறுப்புகளின் மேற்பரப்பு மிகக் கடினமாக இருத்தல் வேண்டும். தேய்மானத்தைத் தாங்குவதில் கடினக் குரோமிய முலாம் பேர்போனது. ஆயினும் அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்புகள் நிறைந்திருக்கும். அவற்றின் வழியே ஈரம் உள்ளிறங்கும். தேய்மானத்தை வெல்லும் முலாம் துருவையும் வெல்லும் என்று நம்புவது சரியன்று.

துருவைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு: முலாமில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? நிக்கல் பூசிய இரும்பில் ஊசிமுனையளவு துளை ஏற்பட்டு ஈரம் புகுந்தால், நிக்கல் நலமாக இருக்க, இரும்பே கரையும். அரிப்பு முழுவதும் அச்சிறு துளையில் குவிவதால் குழி ஆழமாக விழும். துத்தநாகத்தின் இயல்போ நேர்மாறானது. இரும்பைவிட எளிதில் வினைபுரிவதால், கீறல் விழுந்தாலும் முதலில் தானே கரைந்து இரும்பைக் காக்கும். நம் வீட்டுத் தகர வாளி பல இடங்களில் சிராய்த்த பின்னும் நெடுநாள் உழைப்பது இதனாலேயாம்.

கடலோரத்தில் சொந்த ஊர் உள்ளவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. கடலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் பெங்களூரில் பல்லாண்டு நின்ற சன்னல் கம்பி, இராமேசுவரத்து உப்புக்காற்றில் விரைவில் உதிரக்கூடும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம், அரிப்பு ஆராய்ச்சிக்கென மண்டபத்திலும் ஒரு நிலையம் வைத்திருப்பது காரணமின்றியன்று. அக்கூடம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார்.

துத்தநாகப் பூச்சின் ஆயுள் பெரும்பாலும் அதன் கனத்தைப் பொறுத்தது. மின்சாரத்தால் ஏற்றும் முலாம் ஏறத்தாழ 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். சுமார் 450 பாகை வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தால், கனமான இரும்பில் 85 மைக்ரானும் அதற்கு மேலும் படியும். கடையில் பளபளப்பது பெரும்பாலும் மெல்லியதே. மங்கிய சாம்பல் நிறம் கண்டு முகம் சுளிக்க வேண்டா.

வாங்குவோர் பலர் கவனியாத இடம் வெல்டிங் செய்த மூட்டு. துத்தநாகம் ஏறத்தாழ 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் சூடோ அதனினும் மிக அதிகம். எனவே முலாம் பூசிய கம்பிகளைப் பின்னர் ஒட்டினால், மூட்டுகள் வெறும் இரும்பாகவே நிற்கும். அந்த ஆவியை உட்கொள்ளும் தொழிலாளிக்குக் காய்ச்சலும் வரும். முதலில் ஒட்டிவிட்டுப் பின்னர் முழுச் சட்டத்தையும் தோய்க்கச் சொல்லுங்கள். அதற்கு வசதியில்லையெனில், மூட்டைச் சுரண்டித் தூய்மை செய்து, துத்தநாகப் பொடி மிகுந்த வண்ணத்தை இருமுறை பூசச் சொல்லிப் பட்டறையிலேயே நின்று பார்த்து வாங்குங்கள்.